எல்லாத்துக்கும் கே டைப்பா? நெல்லைச் சீமையில் மாட்டிப் பார்த்த வெப்பநிலை சென்சார்கள் பற்றி

பேட்டை பக்கம் சின்னதாக ஒரு கன்ட்ரோல் பேனல் பட்டறை வைத்திருக்கிறேன். அரிசி ஆலை, பேக்கரி, வாழைப்பழம் பழுக்க வைக்கும் அறை, மெடிக்கல் ஸ்டோர் ஃபிரிட்ஜ், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி என்று சூடோ குளிரோ அளக்க வேண்டிய இடமெல்லாம் நம்ம வாடிக்கைதான். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றே ஒன்று: "அண்ணாச்சி, ஒரு கே டைப் குடுங்க." கே டைப் என்பது ரொம்பச் சூட்டையும் அளக்கிற ஒரு வகை வெப்பநிலை சென்சார். ஏன் அதுவே என்று கேட்டால், 1200 டிகிரி வரைக்கும் தாங்கும்லா, அப்போ நம்ம வேலைக்கெல்லாம் தாராளம் என்பார்கள். இந்தக் கணக்குதான் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. 1200 வரை அளக்கிறது என்பதற்காக 4 டிகிரியையும் ஒழுங்காக அளக்கும் என்று அர்த்தம் இல்லை.

அதற்காக கே டைப்பைக் குறை சொல்ல வரவில்லை. அது நன்றாக வேலை செய்கிற இடத்தில் வேறு எதுவும் நிற்காது. காருக்குறிச்சிப் பக்கம் மண்பாண்டச் சூளை ஒன்றுக்கு மாட்டிக் கொடுத்தேன். விறகுச் சூளை, 800 டிகிரி சுற்றி ஓடுகிறது. பெரியவர் முதலில் ஆர்வமே காட்டவில்லை. "தம்பி, தீ நெறத்தப் பாத்தாலே எனக்குத் தெரியும். இது என் மவனுக்கு" என்றார். மகனுக்கு அந்தக் கண் இன்னும் வரவில்லை, அதனால் மீட்டர். அந்தச் சூட்டில் பிடி100 என்ற பிளாட்டினம் சென்சாரை மாட்டினால் வீணாகப் போகும். குரோமெல், அலுமெல் என்ற இரண்டு உலோகக் கலவைக் கம்பிகளை முனையில் சேர்த்துப் பற்ற வைத்த சாதாரண விஷயம்தான் கே டைப். இந்த மாதிரிக் கம்பி ஜோடிக்குத் தெர்மோகப்பிள் என்று பேர். சூடான முனைக்கும் மறு முனைக்கும் இருக்கிற வித்தியாசத்தில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட் மின்னழுத்தம் கொடுக்கும், அவ்வளவுதான். எளிமையாக இருப்பதால்தான் அடிதாங்குகிறது.

ஆனால் அந்தச் சூளை வேலையில் சென்சாரைவிட அதிகம் வம்பு பண்ணியது ஒயர். தெர்மோகப்பிளின் தலைப்பகுதியிலிருந்து பேனல் வரைக்கும் போகிற ஒயரும் அதே வகையைச் சேர்ந்த காம்பன்சேட்டிங் கேபிளாக, அதாவது அந்தக் கம்பிகளைப் போலவே மின்னழுத்தம் தருகிற கேபிளாக இருக்க வேண்டும். எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய செம்பு ஒயரை இழுத்துவிட்டிருந்தார். காலையில் சூளை ஆறிக் கிடக்கும்போது பார்த்தால் மீட்டர் சரியாகவே காட்டும். சூளை ஏறினதும் தலைப்பகுதி சுவர்ச் சூட்டில் 70 டிகிரிக்குப் போகும், பேனல் நிழலில் 35-இல் இருக்கும். இடையிலே இருக்கிற அந்த 35 டிகிரி அப்படியே காணாமல் போய்விடும். உள்ளே 800 என்றால் மீட்டரில் 765. சரி என்று காம்பன்சேட்டிங் கேபிள் வாங்கி, அதை இரண்டு முனையிலும் பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டால் இன்னும் மோசம், பிழை இரட்டிப்பாகி 730 காட்டும். மாற்றிப் போடுவது ரொம்ப சுலபம். அமெரிக்க நிற முறையில் வருகிற கே டைப் ஒயரில் மஞ்சள்தான் பிளஸ், சிவப்பு மைனஸ். நம்ம எலக்ட்ரீஷியனுக்குச் சிவப்பைப் பார்த்தால் கை தானாக பிளஸ்ஸுக்குப் போகும். ஐரோப்பிய முறை என்றால் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். நிறம் அழிந்துபோன பழைய ஒயராக இருந்தால் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். அலுமெல் காந்தத்தில் லேசாக ஒட்டும், அதுதான் மைனஸ்.

சூளைக்காரர்களுக்கு இன்னொன்று. விறகு நிறைய திணித்து, காற்று குறைவாக எரிகிற சூளையில் கே டைப் கம்பி நாளாவட்டத்தில் கெட்டுப்போய்க் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். அறுந்து போனால் மீட்டரே 'ஓப்பன்' என்று சொல்லிவிடும், கெட்டது தெரியாமல் ஓடுவதுதான் ஆபத்து. மூடிய செராமிக் குழாய்க்குள் போட்டு வாங்குங்கள். அடிக்கடி மாற்ற வேண்டி வந்தால் 'என்' (N) டைப் என்ற இன்னொரு தெர்மோகப்பிள் வகையைக் கேட்டுப் பாருங்கள், கன்ட்ரோலரிலும் அந்த செட்டிங் இருக்க வேண்டும். பிளாட்டினம் சேர்ந்த எஸ் டைப், ஆர் டைப்பெல்லாம் நம்ம ஊர் மண்பாண்டத்துக்கு வேண்டாத செலவு.

பேக்கரி அடுப்புக்கும் கே டைப் சரி. 220-க்குப் பதில் 223 என்று இருந்தால் ரொட்டிக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை.

இப்போது குளிர்ப் பக்கம் வருவோம். பால் குளிர்விக்கும் தொட்டி 4 டிகிரியில் இருக்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற இரண்டாம் தர கே டைப்புக்கு அனுமதிக்கப்பட்ட பிழையே கூட்டியோ குறைத்தோ 2.5 டிகிரி. கன்ட்ரோலர் ஒயர் வந்து சேருகிற தன்னுடைய டெர்மினலின் சூட்டைக் கணக்கில் எடுக்கும்போது வருகிற பிழை அதற்கு மேலே. ஆக, மீட்டரில் 4 என்று இருந்தாலும் பால் 1-இல் இருக்கலாம், 7-இலும் இருக்கலாம். இதற்குத்தான் பிடி100. பூஜ்யம் டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் மின்தடை காட்டுகிற பிளாட்டினம். ஏ கிளாஸ் வாங்கினால் பூஜ்யத்தில் பிழை 0.15, பி கிளாஸ் என்றால் 0.3. விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. உணவு, மருந்து சம்பந்தப்பட்ட எதற்கும் நான் ஏ கிளாஸ்தான் போடுகிறேன்.

களக்காடு, ஏர்வாடி பக்கம் வாழை அதிகம். அங்கே பழம் பழுக்க வைக்கும் அறைகளுக்கு பிடி100 மாட்டியிருக்கிறேன். 16 முதல் 18 டிகிரிக்குள் நிறுத்த வேண்டிய வேலை, 13-க்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும், பிறகு அந்தப் பழத்தை யாரும் தொட மாட்டார்கள். சென்சார் நல்லதுதான், ஆனால் அதை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் சண்டை. ஏசி பொருத்துகிறவர்கள் காற்று திரும்பி வருகிற இடத்தில் ஒன்றைத் தொங்கவிட்டுப் போய்விடுவார்கள். பழுக்கிற காய் தானே சூடு விடும், அட்டைப் பெட்டிக்குள் இருக்கிற பழம் அறைக் காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். நான் கன்ட்ரோலுக்குக் காற்றில் ஒன்று, பார்ப்பதற்குப் பழத்துக்குள்ளேயே குத்துகிற ஊசி முனை ப்ரோப் ஒன்று என்று இரண்டு வைக்கச் சொல்கிறேன். ஒரு பழம் வீண்தான். அதை யோசிக்கிற முதலாளியும் இருக்கிறார்.

பிடி100-இல் மூன்று ஒயர் இருக்கும், இரண்டு ஒரே நிறம். "மூணாவது ஒயர் எதுக்கு அண்ணாச்சி, ரெண்டுலயே வேல செய்யுதே" என்று பாதி எலக்ட்ரீஷியன்கள் பேனலிலேயே ஒரு துண்டு ஒயரால் பாலம் போட்டுவிடுவார்கள். வேலை செய்யத்தான் செய்யும். ஆனால் அரை ஸ்கொயர் (0.5 சதுர மி.மீ.) செம்பு ஒயரில் 20 மீட்டர் தள்ளி இருக்கிற தொட்டி என்றால், போக வர 40 மீட்டரின் தடை ஒன்றரை ஓம் அளவு சேர்ந்துவிடும். டிகிரிக்கு 0.385 ஓம் என்ற கணக்கில் அது 4 டிகிரி. அரிசி ஆலையில் நெல் ஊற வைக்கும் தண்ணீர் 70 இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 70 காட்டும், தண்ணீர் 66-இல் கிடக்கும். நெல் சரியாக ஊறவில்லை என்று ஆலைக்காரர் நெல்லைக் குறை சொல்வார். மூன்றாவது ஒயரை பேனல் வரைக்கும் ஒழுங்காக இழுத்துவிட்டால் கன்ட்ரோலரே அந்தத் தடையைக் கழித்துக்கொள்ளும்.

வாங்கும்போதே சோதிக்கலாம். மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். ஒரே நிற ஒயர் இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. அதில் ஒன்றுக்கும் வேறு நிற ஒயருக்கும் நடுவே நம்ம ஊர் அறைச் சூட்டில் 112, 113 ஓம் வர வேண்டும். சில ஓம் மட்டும் காட்டினால் கடைக்காரர் உங்களுக்கு தெர்மோகப்பிளைக் கொடுத்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே எஸ்எஸ் (எவர்சில்வர்) குச்சிதான். செலெக், மல்டிஸ்பான் மாதிரி கன்ட்ரோலர்களில் இரண்டு வகையையும் ஏற்கிற மாடல்கள் இருக்கின்றன. சென்சாரை மாற்றினால் மெனுவில் இன்புட் டைப்பையும் மாற்ற வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

குச்சியின் நீளத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். 6 மில்லிமீட்டர் குச்சி என்றால் குறைந்தது 60 மில்லிமீட்டராவது தண்ணீருக்குள் முங்க வேண்டும். நுனி மட்டும் நனைந்தால் வெளிச் சூட்டையும் சேர்த்துத்தான் காட்டும். தெர்மோவெல் என்ற பாதுகாப்புக் குழாய்க்குள் இறக்கினால் நுனி அடியைத் தொடட்டும், கொஞ்சம் ஹீட் பேஸ்ட் வையுங்கள்.

அல்வா கடைக்காரர்கள் என்னிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு அடுப்படியில் அல்வாப் பதத்தைப் பிடிக்க சென்சார் வேண்டும் என்று கேட்டார்கள். நல்ல ஊசி ப்ரோப் ஒன்றைக் கொண்டுபோய் அவர்கள் எதிரிலேயே கிண்டுகிற சட்டியில் இறக்கினேன். அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என்று ஒரே சட்டியில் மூன்று விதமாகக் காட்டியது. துடுப்பு ஒரு சுற்று வந்தால் மறுபடி மாறும். கோதுமைப் பாலில் தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது, நெய் எப்போது பிரிந்து வெளியே வருகிறது என்பதில்தான் அந்தப் பதம் இருக்கிறது. வெப்பநிலை அதில் பாதிக் கதையைக்கூடச் சொல்லாது. மாஸ்டர் துடுப்பைத் தூக்கி, அல்வா விழுகிற விதத்தைப் பார்த்துவிட்டு "இன்னும் பத்து நிமிசம்" என்றார். அவரை மிஞ்சுகிற சென்சார் என்னிடம் இல்லை, விற்கவும் இல்லை.

கருப்பட்டி வேறு. உடன்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சுகிறவர்களுக்கு வெப்பநிலை நிஜமாகவே உதவும். தண்ணீர் வற்றி இனிப்பு கெட்டிப்பட்டுக்கொண்டே வரும்போது கொதிநிலை 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். 110-க்கு மேல் ஒவ்வொரு டிகிரியும் கணக்கு, ஏற்றம் ஒழுங்காகவும் இருக்கும். அதற்கு பிடி100 ஊசி ப்ரோப் நன்றாக ஒத்துவருகிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் குச்சியை வெந்நீரில் கழுவ வேண்டும். பாகு ஒட்டிக் காய்ந்துவிட்டால் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி, சூடு உள்ளே போகத் தாமதமாகும். பதம் தாண்டின பிறகுதான் மீட்டர் சொல்லும்.

டிஎஸ்18பி20 பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள், குறிப்பாக இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள். டல்லாஸ் செமிகண்டக்டர் கொண்டுவந்த சின்ன டிஜிட்டல் சிப். அந்தக் கம்பெனி மாக்ஸிம் கைக்குப் போய், 2021-இல் அனலாக் டிவைசஸ் கைக்கு வந்தது. மைனஸ் 10-லிருந்து 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் காட்டும், ஒரே ஒயரில் பல சென்சார்களைக் கோக்கலாம், நீண்ட ஒயரால் அளவு மாறாது. ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி, கோழிப் பண்ணை இவற்றுக்கெல்லாம் காசுக்கு ஏற்ற பொருள் இதைவிடக் கிடையாது என்பது என் கருத்து. 125 வரை தாங்கும் என்று போட்டிருப்பதை நம்பி அடுப்பில் வைக்காதீர்கள். சிப் தாங்கும், அதன் பிவிசி ஒயர் அதற்கு முன்னாலேயே இளகிவிடும்.

ஒரு மெடிக்கல் ஸ்டோரில் இன்சுலின் வைக்கிற ஃபிரிட்ஜுக்கு இதை மாட்டி, 2-லிருந்து 8-ஐத் தாண்டினால் அலாரம் அடிக்கிற மாதிரி வைத்தோம். ராத்திரி பதினோரு மணிக்கு போன். "அண்ணாச்சி, ஃபிரிட்ஜு கொதிக்கு, 85 காட்டுது!" கரண்ட் போய் வந்திருக்கிறது. இந்த சிப் உயிர் வந்ததும் முதல் அளவு எடுத்து முடிக்கிற வரை 85 என்றுதான் சொல்லும், அது அதன் பிறவிக் குணம். முழுத் துல்லியத்தில் ஒரு அளவுக்கு முக்கால் செகண்ட் வேண்டும். புரோகிராம் எழுதினவர் அதுவரை பொறுக்கவில்லை. கரண்ட் வந்தவுடன் வருகிற முதல் 85-ஐத் தள்ளிவிடச் சொல்லி ஒரு வரி சேர்த்ததும் பிரச்சினை தீர்ந்தது. அந்த ஃபிரிட்ஜில் ப்ரோபை கிளைகால் (glycol) என்ற திரவம் நிரப்பின சின்னப் பாட்டிலில் முக்கி வைத்திருக்கிறோம். கதவைத் திறந்து மூடும்போது காற்றின் சூடுதான் துள்ளும், மருந்தின் சூடு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. நமக்கு வேண்டியது மருந்தின் சூடு.

இதில் போலி ஏராளம். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் மொத்தமாக வாங்கினேன், ஒரே டம்ளர் தண்ணீரில் எல்லாவற்றையும் போட்டால் ஒன்றுக்கொன்று இரண்டு டிகிரி வரை முரண்டு பிடித்தது. அசல் சிப்புக்குள் பதிந்திருக்கிற முகவரி எண் 28-இல் தொடங்கும், கடைசி சரிபார்ப்பு எண்ணுக்கு முன்னால் இரண்டு ஜோடி சுழியம் இருக்கும். அது இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

காற்றின் சூடும் ஈரப்பதமும் பார்க்கிற டிஹெச்டி11 என்ற நீலப் பெட்டியை மட்டும் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அதன் பிழையே 2 டிகிரி. அங்கே தேவை 37.5, ஒரு டிகிரி தப்பினாலும் முட்டை பாழ். நல்ல டிஎஸ்18பி20 அல்லது ஏ கிளாஸ் பிடி100-ஐ முட்டை இருக்கிற உயரத்திலேயே வையுங்கள், மேல்மூடியில் அல்ல. சரிபார்க்க உங்கள் வீட்டிலேயே கருவி இருக்கிறது, காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர். அந்தச் சின்ன வரம்புக்குள் 0.1 டிகிரி வரை நம்பலாம். இரண்டின் முனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள்.

கறுப்பு முனை வைத்த தெர்மிஸ்டர், அதாவது சூடு ஏற ஏற மின்தடை குறைகிற என்டிசி, ஐஸ்கிரீம் ஃப்ரீசர்களிலும் ஏசியிலும் இருப்பது. வேகமானது, மலிவானது, குறுகின வரம்பில் துல்லியமானது. கெட்டால் அதே மதிப்பில் வாங்குங்கள். 10கே (25 டிகிரியில் 10,000 ஓம்) என்பதோடு, சூட்டுக்கு ஏற்ப மின்தடை எவ்வளவு மாறும் என்று சொல்கிற அதன் பீட்டா எண்ணும் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் 25 டிகிரியில் மட்டும் சரியாக இருக்கும், ஃப்ரீசர் குளிரில் தப்பாகப் போகும்.

எதை வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் ஐஸில் ஒரு தடவை போடுங்கள். சர்பத் கடையில் கொஞ்சம் ஐஸ் வாங்கி, நன்றாக நொறுக்கி, டம்ளர் நிறைய அடைத்து, இடைவெளி நிரம்ப மட்டும் தண்ணீர் விட்டு, கிண்டிக்கொண்டே பார்த்தால் பூஜ்யம் வர வேண்டும். தண்ணீரில் மூன்று ஐஸ் மிதந்தால் அது சோதனை ஆகாது. அப்புறம் கொதிக்கிற தண்ணீர். திருநெல்வேலி கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர்கூட உயரம் இல்லை, அதனால் 100 என்றே வைத்துக்கொள்ளலாம். இதையே மலைமேல் இருக்கிற மாஞ்சோலையில் செய்தால் 97-ஐத் தொடாது, சென்சாரைத் திட்ட வேண்டாம்.

கடைசியாக அந்தத் துப்பாக்கி. கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லார் கையிலும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி வந்துவிட்டது. நான் மோட்டார், பேரிங், பேனலுக்குள் எம்சிபி டெர்மினல் இவற்றுக்கு வைத்திருக்கிறேன், அதில் ரொம்ப உபயோகம். ஆனால் பளபளப்பான உலோகத்தை அதால் பார்க்கவே முடியாது. தேய்த்து வைத்த பித்தளைச் சட்டியை அடுப்பில் வைத்து அடித்தால் சட்டியின் சூடு வராது, அதில் பிரதிபலிக்கிற சுவரின் சூடுதான் வரும். அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப்பில் அடித்தால், டேப் தாங்குகிற சூடு வரைக்கும், ஓரளவு சரியாக வரும். சிவப்புப் புள்ளி விழுகிற இடத்தை மட்டும் அளக்கிறது என்றும் நினைக்காதீர்கள். 12:1 என்று எழுதியிருந்தால் 12 செ.மீ. தள்ளி நின்றால் ஒரு செ.மீ. வட்டம், ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எட்டு செ.மீ. வட்டத்தின் சராசரி. சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் கிடந்த துப்பாக்கியை எடுத்த உடனே குளிர் அறைக்குள் அடித்தால் காட்டுவதெல்லாம் கற்பனை, கால் மணி நேரமாவது அந்த அறையிலேயே கிடக்கட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆலை மேனேஜர் இதை இடுப்பிலேயே வைத்திருக்கிறார். பாய்லர் குழாயில் அடிக்கிறார், எஸ்எஸ் தொட்டியில் அடிக்கிறார், டீ வந்தால் டம்ளருக்குள்ளும் அடிக்கிறார். முதல் இரண்டையும் நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தண்ணீரின் எமிசிவிட்டி, அதாவது சூட்டைக் கதிராக வெளிவிடுகிற திறன், முழு அளவு 1-க்கு 0.95 பக்கம், அதனால் டீக்கு அது சரியாகத்தான் காட்டும். "அப்போ 1,800 ரூவா டீக்காவே குடுத்தேன்?" என்றார்.